ட்ரைவர் யார் கையில்? அச்சுக்குப் போகும் எழுத்தின் ஒரு சின்ன வரலாறு

2023 ஜூலை மாசம். மலையகம் 200 நடைபயணம் 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளைக்கு வந்து சேரும்னு அறிவிச்சிருந்தாங்க. நம்ம முன்னோர் கடல் தாண்டி இறங்கி, காட்டு வழியா நடந்து, கூட வந்தவங்கள வழியிலேயே புதைச்சிட்டு வந்த பாதை அது. அந்த நாளுக்குள்ள ஒரு வேலைய முடிக்கணும்னு நாங்க நாலஞ்சு பேர் நினைச்சோம்.

எங்க தோட்டத்து வாசிகசாலை 2004ல் ஒரு மலர் போட்டது. அதுல பதினொரு வயசானவங்களோட பேட்டி இருக்கு. பெரிய கங்காணி காலம், ரேஷன் அரிசி, 1964 ஒப்பந்தத்தால அக்கா அந்தப் பக்கமும் தங்கச்சி இந்தப் பக்கமுமா பிரிஞ்ச குடும்பங்கள், எல்லாம் அவங்க வாயால சொன்னது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தர்கூட இப்ப இல்லை. மலரில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிரதி, அதுவும் கறையான் அரிச்சது. ஆனா அப்ப அச்சடிச்சுக் கொடுத்தவர் எல்லாத்தையும் ஒரு சீடியில் போட்டு வச்சிருந்தார். "சீடி இருக்குதானே, ரெண்டு நாள் வேலை"ன்னு நம்பிக்கையோட டவுனுக்குப் போனோம்.

கடை அண்ணன் சீடியைப் போட்டார். முதல் கோப்பு திறந்தது. மாத்தளை என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள்: கே, எச், ஜே, அரைப்புள்ளி, ஜே, ஐ, எஸ். பக்க வடிவமைப்புக் கோப்பு திறக்கவே இல்லை. அதைச் செய்த மென்பொருளின் பழைய பதிப்பு வேணும், அது ஓட கொம்பியூட்டருக்குப் பின்னால குத்துற ஒரு சாவி வேணும். ரெண்டும் இன்றைக்கு யாரிடமும் இல்லை. பழைய அச்சுக்காரர் வீட்டில் அவருடைய லேசர் பிரிண்டர் இன்னும் இருக்குன்னு கேள்விப்பட்டு அதையும் தூக்கிட்டு வந்தோம். அண்ணன் வயரை மாட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. புது விண்டோஸுக்கு ட்ரைவர்தான் இல்ல."

அந்தக் கடைசி வசனம் எனக்குள்ள நின்னுட்டது. மெஷின் இருக்கு, பேப்பர் இருக்கு, எழுத்தும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கு. நடுவில ஓட்டுறதுக்கு ஆள் இல்லை. இந்த ட்ரைவர்னா யாரு, அதை யார் எழுதினாங்க, ஏன் சிலது செத்துப்போகுது, சிலது சாகறதில்லைன்னு தேடப் போனேன். கிடைச்ச கதைதான் இந்தக் கட்டுரை.

மூணு பூட்டு

எங்க சீடியில் இருந்தது மூணு பூட்டு. முதலாவது எழுத்தின் பூட்டு. பாமினி மாதிரியான எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் வேஷத்தில் சேமிக்கப்படுது. கோப்புக்குள்ள 'ஜே' என்ற எழுத்துதான் உண்மையில் இருக்கு. பாமினி அதன் மேல் 'த' என்ற முகமூடியைப் போடுது. முகமூடி இல்லாத கணினியில் ஜே ஜேயாகவே தெரியும். பாமினியைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல. தட்டச்சுப் பழகின கைகளுக்கு அது பொருத்தமாக இருந்தது; இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எத்தனையோ பத்திரிகைகளும் கல்யாண அழைப்பிதழ்களும் அதில்தான் வந்தன. ஆனா பூட்டு பூட்டுதான்.

இரண்டாவது பக்கத்தின் பூட்டு. தலைப்பு எங்கே, பத்தி எங்கே, படம் எங்கே என்பதெல்லாம் ஒரு கம்பனியின் இரகசிய வடிவத்தில் எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது பிரிண்டரின் பூட்டு, அதாவது ட்ரைவர். பக்கத்தை வாங்கி, குறிப்பிட்ட ஒரு மெஷினுக்கு விளங்குற கட்டளைகளாக மாற்றுகிற மென்பொருள் அது. மெஷினை விற்ற கம்பனி அதைப் புதுப்பிக்கிறதை நிறுத்தினா, நல்ல மெஷினும் இரும்புக் கடைக்குத்தான்.

இந்த மூணு பூட்டையும் உடைக்கிற வேலை நாற்பது வருஷத்துக்கு முன்னமே தொடங்கியிருக்கு.

எந்த மெஷினுக்கும் சொந்தமில்லாத பக்கம்

1977ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத்துக்கு ஒரு கோபம் வந்தது. அவருடைய கணினி நூல் வரிசையின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்குப் போயிருந்தது. முன்பு ஈய எழுத்தில் கோர்த்து அழகாக வந்த புத்தகம், புதிய ஒளியச்சு முறையில் அவர் பார்க்கச் சகிக்காத மாதிரி வந்தது. அச்சகத்தோட சண்டை பிடிக்காமல், எழுத்துக் கோர்க்கிற மென்பொருளை தானே எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். கடைசி எழுத்து கிரேக்க எழுத்து என்பதால் 'டெக்ஸ்' என்று வாசிக்கக் கூடாதாம். சில மாதத்தில் முடியும்னு நினைச்ச வேலை பத்து வருஷத்துக்கு மேல இழுத்தது.

டெக்கை அவர் விற்கவில்லை. மூல நிரலோட எல்லாருக்கும் கொடுத்தார். பிழை கண்டுபிடிச்சுச் சொல்றவங்களுக்கு 2.56 டொலர் செக் வேற அனுப்பினார். 1990ல் இனிப் புதுசா எதுவும் சேர்க்க மாட்டேன், பிழை திருத்தம் மட்டும்தான்னு நிறுத்திட்டார். அதுக்குப் பிறகு பதிப்பு எண் 3.14, 3.141 என்று 'பை'யின் பெறுமானத்தை நோக்கிப் போய்க்கிட்டு இருக்கு. முப்பது வருஷத்துக்கு முந்திய டெக் கோப்பை இன்றைக்கும் திறந்து அதே வரி, அதே பக்கமாக எடுக்கலாம்னா, அதுக்கு இந்தப் பிடிவாதம் ஒரு காரணம்.

நம்ம கதைக்கு முக்கியமானது டெக் கடைசியில் எழுதித் தருகிற கோப்பு. அதன் பெயர் டி.வி.ஐ., அதாவது 'எந்தக் கருவியையும் சாராதது'. அந்த வடிவத்தை 1979ல் வகுத்தவர் டேவிட் ஃபுக்ஸ். அதுக்குள்ள இருப்பது ரொம்ப எளிமையான கட்டளைகள்: இந்த எழுத்துருவை எடு, வலப்பக்கம் இவ்வளவு தள்ளு, கீழே இவ்வளவு இறங்கு, 65ஆம் எழுத்தை வை. தூர அளவு ஒரு பொயின்டின் 65,536இல் ஒரு பங்கு வரை நுணுக்கமானது. அது ஒளியின் அலைநீளத்தை விடச் சிறிது. ஆனா எந்த பிரிண்டர், எத்தனை புள்ளி, எந்தக் கம்பனி என்று ஒரு சொல் கிடையாது. இந்த வடிவத்தின் விளக்கத்தை யாரும் வாசிக்கலாம். எந்த மெஷினுக்கும் யாரும் ஒரு ட்ரைவர் எழுதிக்கொள்ளலாம்.

பேப்பர் சிக்கிய பிரிண்டர்

ஏறக்குறைய அதே காலத்தில், நாட்டின் மறு கரையில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் இன்னொருத்தருக்கும் பிரிண்டரால் கோபம் வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன். பிரிண்டர் ஒரு மாடியில், வேலை செய்றவங்க வேற மாடியில். பேப்பர் சிக்கினா யாருக்கும் தெரியாது. அரை மணித்தியாலம் கழிச்சுப் போய்ப் பார்த்தா ஒரு பக்கமும் வந்திருக்காது. பழைய பிரிண்டருக்கு ஸ்டால்மன் ஒரு வழி செய்திருந்தார். அதன் மென்பொருளைத் திருத்தி, பேப்பர் சிக்கினதும் காத்திருக்கிற எல்லாருடைய திரையிலும் செய்தி வர வச்சார்.

1980 வாக்கில் ஸெரொக்ஸ் கம்பனி ஒரு புது லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதுவும் சிக்கியது. ஆனா இந்த முறை மூல நிரலைக் கொடுக்கல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சியாளரிடம் அந்த நிரல் இருக்குன்னு கேள்விப்பட்டு நேரே போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்னு அவர் மறுத்துட்டார். அந்த மறுப்பைத் தனக்கு மட்டும் நடந்ததாக ஸ்டால்மன் எடுத்துக்கல. கூட வேலை செய்ற எல்லாருக்கும் செய்த துரோகமாகவே பார்த்தார். 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். இன்றைக்கு நாம 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்ற இயக்கம் அங்கிருந்துதான் வருது. அவரே திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. அதன் நடுவில் நிற்பது ஒரு பிரிண்டர் ட்ரைவர்!

இலவச ட்ரைவர்களை எழுதினவங்க

டி.வி.ஐ. கோப்பை அச்சடிக்க ட்ரைவர் வேணும். கம்பனிகளும் அதை விலைக்கு வித்தன. பல்கலைக்கழகங்களில் இருந்தவங்க எழுதி இலவசமாகக் கொடுத்தாங்க. யூட்டா பல்கலைக்கழகத்தின் நெல்சன் பீபீ 1980களின் நடுவில் ஒரு ட்ரைவர் குடும்பத்தையே எழுதிப் பொதுச் சொத்தாக விட்டார். பக்கத்தை வாசிக்கிற பொது வேலையை ஒரு இடத்தில் எழுதிட்டு, மெஷினுக்கு மெஷின் மாறுகிற பகுதியை மட்டும் தனியாக வச்சார். அதனால எப்சன் டொட் மேட்ரிக்ஸுக்கு ஒன்று, லேசர்ஜெட்டுக்கு ஒன்று, அப்பிள் லேசர்ரைட்டருக்கு ஒன்று என்று சுலபமாகச் சேர்த்துக்கிட்டே போக முடிஞ்சது. ஜெர்மனியின் எபர்ஹார்ட் மாட்டெஸ் சாதாரண டொஸ் கணினிகளுக்காக எம்டெக் என்ற தொகுப்பைக் கொடுத்தார். அதுக்குள்ளேயே டொட் மேட்ரிக்ஸுக்கும் லேசர்ஜெட்டுக்கும் ட்ரைவர் இருந்தது. லேசர் வாங்க வசதியில்லாதவன், கடையில் பில் அடிக்கிற மாதிரியான மெஷினிலேயே புத்தகத்தரத்தில் கோர்த்த பக்கத்தை எடுக்கலாம் என்று ஆனது.

இடையில் பெரிய மாற்றம் ஒன்று. 1984ல் அடோபி கம்பனி போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க மொழியைக் கொண்டு வந்தது. அடுத்த வருஷம் அப்பிளின் லேசர்ரைட்டர் அதைப் பேசியது, விலை 6,995 டொலர். ஸ்டான்போர்ட்டில் படிச்ச டோமஸ் ரொக்கிக்கி டி.வி.ஐ.யை போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றும் டிவிப்ஸை எழுதி இலவசமாகவே கொடுத்தார். இன்றைக்கும் டெக் தொகுப்புகளில் அது இருக்கு.

ஆனா அந்த மொழி விளங்கும் பிரிண்டர் விலை கூடியது. இந்த இடைவெளியை அடைச்சது கோஸ்ட்ஸ்கிரிப்ட். 1988ல் பீட்டர் டொய்ச் குனூ திட்டத்துக்காக எழுதி வெளியிட்டார். போஸ்ட்ஸ்கிரிப்டைக் கணினிக்குள்ளேயே வாசிச்சு, புள்ளி புள்ளியான படமாக்கி, எந்த மலிவான பிரிண்டருக்கும் அனுப்பும். அறிவு பிரிண்டரில் இல்லாட்டிப் பரவாயில்லை, கணினியில் இருந்தாப் போதும்.

தமிழ் எங்கே நின்றது

இதுல தமிழுக்கு என்ன பங்குன்னு கேட்கலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த தோமஸ் ரிஜ்வே, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெக்குக்காக ஒரு தமிழ் எழுத்துருவைச் செய்தார். குனூத் டெக்கோட சேர்த்து உருவாக்கிய மெட்டாஃபொன்ட் என்ற கருவியில் அது வரையப்பட்டது. அதில் எழுத்து ஒரு படமாக இருப்பதில்லை. பேனா எந்தப் புள்ளியில் தொடங்கி எப்படி வளைஞ்சு எங்கே முடியுது என்ற கணக்காக இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து அங்குலத்துக்கு 300 புள்ளி லேசருக்கும் எழுத்தை எடுக்கலாம், முரட்டு டொட் மேட்ரிக்ஸுக்கும் எடுக்கலாம். அவினாஷ் சோப்டே எழுதின ஐட்ரான்ஸ் என்ற மென்பொருள் ரோமன் எழுத்தில் தட்டினதை இந்திய மொழி எழுத்தாக மாற்றித் தரும். அதுவும் தமிழுக்கு ரிஜ்வேயின் எழுத்துருவைத்தான் எடுத்துக்கிட்டது. 1994ல் யானிஸ் ஹரலம்பூஸ் சிங்களத்துக்கு இதே மாதிரி ஒரு டெக் முறையைச் செய்து வெளியிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. தமிழுக்கென்று தனி ட்ரைவர் யாரும் எழுத வேண்டியிருக்கல. டி.வி.ஐ. ட்ரைவருக்கு மொழி தெரியாது. 'இந்த எழுத்துருவின் இத்தனையாம் எழுத்து' என்பது மட்டும்தான் தெரியும். யூட்டாவிலும் ஜெர்மனியிலும் தங்கள் கணக்குச் சூத்திரங்களை அச்சடிக்க எழுதின ட்ரைவர், அவங்க கண்ணால காணாத 'ழ'வையும் அச்சடிக்கும். திறந்த வடிவம் ஒன்றைச் சின்ன மொழிகள் ஏன் விரும்பணும் என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படின்னா ஏன் நம்ம ஊர் அச்சகங்களுக்கு இது வந்து சேரல? காரணம் இல்லாமல் இல்லை. டெக்கில் பக்கத்தைக் கண்ணால் பார்த்து இழுத்து வைக்க முடியாது; கட்டளை எழுதணும். தமிழை ரோமனில் தட்டச்சொன்னா தட்டச்சுப் பழகின அக்காமார் ஏத்துக்க மாட்டாங்க. அது பல்கலைக்கழகங்களின் உலகம், மாத்தளை அச்சகத்தின் உலகம் இல்லை. அன்றைக்கு மாலைக்குள்ள மரண அறிவித்தல் அடிச்சுக் கொடுக்க வேண்டியவருக்கு விண்டோஸும் பாமினியும்தான் கைகொடுத்தது. அவங்க பிழை செய்தாங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா அந்த வசதிக்கான விலையை இருபது வருஷம் கழிச்சு நாங்க கொடுத்தோம்.

முதலாவது பூட்டு, எழுத்தின் பூட்டு, பிறகுதான் திறந்தது. 1991ல் வந்த யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், கணினிகள் அதைச் சரியாகக் காட்ட வருஷங்கள் எடுத்தது. 'ளை' என்பதைத் தட்டச்சும் பாமினியும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், ஐகாரக் குறியை முன்னாலும் ளகரத்தைப் பின்னாலும் வைக்கும். யுனிகோட் உச்சரிக்கிற வரிசையில், ளகரத்தை முதலில் வைக்கும். திரையில் குறியைத் திருப்பி முன்னால கொண்டு போறது மென்பொருளின் வேலை. இலங்கையில் தமிழ்க் குறியீட்டுக்கான எஸ்.எல்.எஸ். 1326 தரம் 2008ல் வந்தது. டெக் பக்கத்தில் ஜொனதன் கியூ 2004ல் வெளியிட்ட ஸீடெக், யுனிகோட் தமிழை நேரடியாக வாசிச்சு, கணினியில் இருக்கிற சாதாரண எழுத்துருவிலேயே கோர்த்தது. ரோமனில் தட்டுற தலைவலி போனது.

மூன்றாவது பூட்டையும் வேறு கைகள் திறந்துக்கிட்டு இருந்தன. 1999ல் வெளிவந்த கப்ஸ் என்ற திறந்த மூல அச்சு முறையை இன்றைக்கு லினக்ஸும் மெக்கும் பயன்படுத்துது. அதோட சேர்ந்து ஓடுகிற குட்டன்பிரிண்ட் என்ற ட்ரைவர் தொகுப்பு, கம்பனிகள் கைவிட்ட பழைய மெஷின்களுக்கும் இன்னும் பேசும். நடுவில் இருந்த பக்கத்தின் பூட்டுக்கு, பி.டி.எஃப். 2008ல் சர்வதேசத் தரமாக மாறினது ஒரு பெரிய துணை.

அலுவிகாரையில் நடந்தது

மாத்தளையில் இருந்துக்கிட்டு இதை எழுதும்போது அலுவிகாரையை நினைக்காமல் இருக்க முடியாது. டவுனிலிருந்து தம்புள்ளைப் பக்கம் போற ரோட்டில், பஸ்ஸில் பத்து நிமிஷம்தான். கி.மு. முதலாம் நூற்றாண்டில், மனப்பாடமாகவே கையளிக்கப்பட்டு வந்த திரிபிடகம் அங்கேதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடம் பண்ணினவங்க சாகத் தொடங்கினப்ப எடுத்த முடிவு அது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கினபோது அந்த விகாரையின் ஏட்டுச்சாலையும் அழிந்தது. ஆனா நூல் அழியல. ஏன்னா அதைப் பார்த்து எழுத யாரிடமும் சாவி வாங்க வேண்டியிருக்கல. எழுத்தாணியும் ஓலையும் எழுத்தறிவும் இருந்த எந்த ஊரிலும் பிரதி எடுத்திருந்தாங்க.

எங்க தோட்டத்து மலருக்கு நடந்தது அதன் எதிர்ப்பக்கம். யாரும் எரிக்கல. சீடி பத்திரமாக இருந்தது. பிரதி எடுக்கிற வழிதான் பூட்டியிருந்தது.

எங்க மலருக்கு என்ன ஆனது

ஆகஸ்ட் 12க்குள்ள முடியல. நடைபயணம் வந்து சேர்ந்த அன்று எங்க கையில் ஒன்றும் இல்லை.

பிறகு மெதுவாக நடந்தது. சீடியில் தட்டச்சு செய்தவர் வச்ச சாதாரண எழுத்துக் கோப்புகளும் இருந்தன. ஒன்பது பேட்டிகள் அப்படிக் கிடைச்சன. பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றி, பிழை பார்த்தோம். மிச்ச ரெண்டையும் கறையான் அரிச்ச பிரதியைப் பார்த்து ஒரு தங்கச்சி திரும்பத் தட்டினாள். கடைசிப் பேட்டியில் ரெண்டு பக்கம் முழுசாகப் போயிருந்தது. மண்டபம் முகாமில் காத்திருந்த நாட்களைப் பற்றி அந்தப் பாட்டி சொல்லத் தொடங்குற இடம் இருக்கு. அடுத்த பக்கம் இல்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சடிச்சோம்.

ஸீடெக்கில் கோர்த்தோம், கட்டற்ற எழுத்துரு ஒன்றை எடுத்தோம். ட்ரைவர் இல்லைன்னு ஒதுக்கின அந்தப் பழைய லேசர் மெஷினை, லினக்ஸ் போட்ட ஒரு பழைய லெப்டொப்பில் மாட்டிப் பார்த்தோம். பேர் தானாகவே பட்டியலில் வந்தது. முதல் பக்கம் கொஞ்சம் மங்கலாக, சூடாக வெளிய வந்தப்ப கடை அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துட்டு, "இவன் இன்னும் சாகல்லியா?"ன்னு சிரிச்சார்.

இப்ப எங்களுக்குள்ள ஒரு வழக்கம் வச்சிருக்கோம். மலர், நினைவிதழ், சங்கத்து அறிக்கை எதுவானாலும் அச்சகத்துக்குப் போற கோப்போட நிற்கறதில்லை. யுனிகோட்டில் வெறும் எழுத்தாக ஒன்று, எழுத்துரு உள்ளடங்கின பி.டி.எஃப். ஒன்று, கடதாசியில் குறைஞ்சது மூணு பிரதி மூணு வீட்டில். நூலகம் நிறுவனம் மாதிரி 2005லிருந்து ஈழத்து, மலையக ஆவணங்களை எண்ணிமமாக்கி வைக்கிற இடங்களுக்கும் ஒன்று கொடுக்கிறோம். உங்க வீட்டு அலுமாரியிலும் பழைய சீடி ஒன்று கிடக்கலாம், கோயில் மலராகவோ வாசிகசாலை அறிக்கையாகவோ. இந்தக் கிழமையே அதை எடுத்துப் போட்டுப் பாருங்க. பாமினிக் கோப்பாக இருந்தா எங்களிடம் கொண்டு வாங்க, மாற்றித் தர்றோம்.